இரண்டாம் வருடத்திலேயே கேட்டாய், நல்லது: வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புக்கு எப்படித் தயாராவது

பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். ராமநாதபுரத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் வருடம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். "டிகிரி முடித்ததும் முழுச் செலவையும் தரும் ஸ்காலர்ஷிப்பில் வெளிநாட்டில் கடல் சம்பந்தமாகப் படிக்க ஆசை. அதெல்லாம் ஐஐடி, பெரிய சிட்டி காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் என்கிறார்கள். இப்போதிருந்தே நான் என்ன செய்யட்டும் அக்கா?"

நானும் மண்டபம் பக்கத்துக்காரிதான். அரசுக் கல்லூரியில் படித்து, பிறகு உதவித்தொகையில் ஐரோப்பாவில் முதுகலை முடித்தேன். இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

"பெரிய காலேஜ் பிள்ளைகளுக்குத்தான்" என்பது பாதி உண்மை. ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பும் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப், இந்தியா முழுவதிலிருந்தும் ஒரு சிலரை மட்டுமே எடுக்கிறது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் தெரிந்த கல்லூரிகளின் பெயர்களே வரும். நம் ஆட்கள் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கதவு மூடியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். மற்ற கதவுகள் வேறு மாதிரி. எராஸ்மஸ் முண்டுஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடக்கும் கூட்டு முதுகலைப் படிப்பு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஃபீஸ் இல்லை, செலவுக்கு மாதம் 1,400 யூரோ வரும். கடல் உயிரியலுக்கென்றே பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் இம்பர்சீ என்ற படிப்பு இருக்கிறது. எந்த வருடம் எந்தப் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் உண்டு என்பது மாறும், எராஸ்மஸ் பட்டியலில் அந்தந்த வருடம் பார்த்துக்கொள். ஜெர்மனியில் பிரேமன் பல்கலைக்கழகத்தில் வெப்ப மண்டலக் கடல் சூழலைப் பற்றி ஐசாடெக் என்று ஒரு முதுகலை உண்டு. பிரிட்டனின் காமன்வெல்த் பகிர்வு ஸ்காலர்ஷிப், சொந்தப் பணத்தில் அங்கே படிக்க வழியே இல்லாதவர்களுக்காகவே வைத்திருப்பது. இவையெல்லாம் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து எடுப்பவை இல்லை. இதுவரை என்ன செய்தாய், திரும்பி வந்து என்ன செய்வாய் என்றும் கேட்பவை.

இப்போது யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம். உன்னுடையது மூன்று வருடப் பட்டம். ஐரோப்பாவில் பல படிப்புகள் அதை ஏற்றுக்கொள்கின்றன, சில ஏற்பதில்லை. ஒவ்வொன்றின் விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெல்லோஷிப்புக்கு நான்கு வருடப் பட்டம் வேண்டும், மூன்று வருடப் பட்டம் என்றால் மேலே ஓர் எம்.எஸ்சி. வேண்டும். அதோடு மூன்று வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வருடம். ஜெர்மனியின் டாட் அமைப்பு வளரும் நாட்டு மாணவர்களுக்குத் தரும் முதுகலை உதவித்தொகைக்கும் இரண்டு வருட அனுபவம் கட்டாயம். ஆக, "டிகிரி முடித்ததும்" என்று நீ நினைப்பது பல ஸ்காலர்ஷிப்புகளில் டிகிரி முடித்து இரண்டு மூன்று வருடம் கழித்து என்றுதான் ஆகும். இதைத் தாமதம் என்று நினைக்காதே. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, அங்கே எம்.எஸ்சி. படிக்கலாம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் யங் ப்ரொஃபெஷனல், ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட் என்று ஒப்பந்த வேலைகளுக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா ஃபெல்லோஷிப்பில் 13 மாதம் கிராமத்தில் வேலை செய்யலாம். இதெல்லாம் பிறகு பெரிய விண்ணப்பத்துக்கு எடை சேர்க்கும்.

இறுதியாண்டிலேயே நேரடியாகப் போட முடிவது என்றால் முதன்மையாக எராஸ்மஸ்தான். அதற்குப் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது ஐந்தாம் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும்போது. உனக்கு இன்னும் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் என்ன செய்வது? சர்டிபிகேட் சேர்க்காதே. நம் பிள்ளைகள் நிறையப் பேர் செய்கிற வேலை இது. ஒரு நாள் வெபினார், இரண்டு நாள் பயிலரங்கம், ஆன்லைன் வினாடி வினா என்று ஃபைல் தடிமனாகும். தேர்வுக் குழுவில் யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது, இந்தப் பெண் ஏதாவது ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் உழைத்திருக்கிறாளா என்பது. அதனால் ஒரு கேள்வியைப் பிடி. ஒன்றே ஒன்று. உன் வீட்டு வாசலிலிருந்து நடந்து போய்ப் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும்.

உனக்குக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. உன் அம்மா எடுக்கிற பாசியையே எடுத்துக்கொள். ஒரு பக்கம் தீவுகளைச் சுற்றி இயற்கையாக வளரும் மரிக்கொழுந்து, கட்டக்கோரை. இன்னொரு பக்கம் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ், ஊரில் பெப்சி பாசி என்கிறோமே, அது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி கம்பெனி மண்டபம் பக்கம் ஒப்பந்தத்தில் வளர்க்கக் கொடுத்ததால் வந்த பெயர். அது குருசடைத் தீவுப் பவளத்திட்டுகளின் மேல் படர்ந்திருக்கிறது என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்னொரு பக்கம் அதே பாசியால் எத்தனையோ குடும்பங்களுக்கு வருமானம். 2023இல் நம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பவளமா, பிழைப்பா என்று உலகமெங்கும் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். உனக்கு அது அடுப்படியில் காதில் விழும் பேச்சு. இந்த இடத்தில் டெல்லிப் பிள்ளையை விட நீ முன்னால் நிற்கிறாய்.

பாசி வேண்டாமா? 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் உங்கள் இறங்குதளத்துக்கு வரும் நாட்டுப்படகு மீனின் வகையும் விலையும் எப்படி மாறுகின்றன? யாருக்கு லாபம் போகிறது? யார் கடன் வாங்குகிறார்கள்? பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஒரு முறை இருக்கிறதே, அது உண்மையில் எப்படி நடக்கிறது? ஒரு நோட்டு, ஒரு தராசு, வாரத்தில் ஒரு காலை நேரம் இருந்தால் போதும். அதே இடம், அதே கிழமை, அதே முறையில் குறி. தேதி, காற்று, யாரிடம் கேட்டாய் என்பதையும் எழுது. ஒரு வாரம் போக முடியாவிட்டால் போகவில்லை என்று எழுது, ஊகித்து நிரப்பாதே.

ஓர் எச்சரிக்கை. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பவை. அனுமதி இல்லாமல் அங்கே போய்ப் பவளத்தையோ உயிர்களையோ எடுத்து "ஆய்வு" என்று எழுதினால், அதுவே உன் விண்ணப்பத்துக்குக் கெடுதல். கடல் அட்டையும் அப்படித்தான், தொடவே கூடாது. கரை, இறங்குதளம், சந்தை, வீடு, இந்த நான்கோடு நிறுத்திக்கொள். மனிதர்களிடம் தகவல் வாங்கும்போதும், எதற்காகக் கேட்கிறாய் என்று சொல்லி, சரி என்ற பிறகே எழுது. யாரிடம் கேட்டாய் என்று குறிக்கும்போது பெயரை எழுதாதே, ஓர் அடையாள எண் போதும்.

அப்புறம், அதே கேள்வியில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும். 1947இல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகு கொச்சிக்குப் போனது. அதன் பழைய அறிக்கைகள், கட்டுரைகள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊரின் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய பாசி, சங்கு, மீன் விவரங்களெல்லாம் அதில் இருக்கும். மண்டபத்திலேயே மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் உண்டு. இவற்றில் ஒன்றில் கோடை விடுமுறையில் வேலை கற்றுக்கொள்ள இடம் கேள். கேட்கும் விதம் முக்கியம். "ஐயா, இன்டர்ன்ஷிப் வேண்டும்" என்று பத்துப் பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய ஒரு கட்டுரையைப் படி, உன் நோட்டில் இருப்பதோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று நாலு வரி எழுது, பிறகு கேள். துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் போனஃபைடும் தயாராக வைத்திரு. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெல்லோஷிப்புக்கும் போடு. கிடைத்தால் வெளியூர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பார்க்கலாம், உதவித்தொகையும் தருவார்கள்.

இந்த உழைப்பு விண்ணப்பத்தில் எப்படித் தெரியும் என்று இரண்டு பத்திகளில் காட்டுகிறேன். இரண்டும் நானே கற்பனையாக எழுதியவை. முதலாவது இப்படி: "கலாம் பிறந்த புண்ணிய பூமியான ராமேஸ்வரம் தீவில் ஓர் ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்த நான், சிறு வயது முதலே கடலை நேசித்து வந்தேன். கடலன்னையைக் காப்பதே என் லட்சியம்." இரண்டாவது: "எங்கள் தெருவில் பாசி எடுக்கும் சில பெண்களின் அன்றாட எடையையும் வியாபாரி கொடுத்த விலையையும் ஒரு வருடத்துக்கு மேல் வாராவாரம் குறித்தேன். தென்கடல் கலங்கும் மாதங்களில் எடை குறைந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் பாதிப் பேர் மிதவைப் பாசிக்குப் போன பிறகும் மீதிப் பேருக்குக் கிடைக்கும் எடை கூடவில்லை. பாசியே குறைகிறதா, அல்லது அவர்கள் எடுக்கும் நேரம் குறைந்ததா என்று என் குறிப்புகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்கும் முறைகளை உங்கள் படிப்பின் இரண்டாவது செமஸ்டரில் சொல்லித்தருகிறீர்கள்."

முதல் பத்தியை ராமேஸ்வரம் தீவிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். கலாம் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் அவரை உன் விண்ணப்பத்தின் முதல் வரியில் நிறுத்தாதே. படிக்கிறவர் உன்னைத் தேடுகிறார். வறுமையையும் அப்படியே விற்காதே. மறைக்கவும் வேண்டாம். படிப்பின் நடுவே வலை பின்னியது, அம்மாவோடு பாசிக்குப் போனது எல்லாம் செய்த வேலைகள், அவற்றை வேலையாகவே எழுது. இரண்டாவது பத்தியில் "சொல்ல முடியவில்லை" என்று ஒரு வரி வருகிறது பார், அந்த வரிக்குத்தான் மதிப்பெண். மேலே படிக்க ஒரு காரணம் இருக்கிறது என்று அதுதான் காட்டுகிறது.

தலைமைப் பண்பு பற்றியும் கேட்பார்கள், செவனிங்கில் அது பெரிய பகுதி. என்எஸ்எஸ் செயலாளர் பதவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. உன் ஊரிலேயே 2016இலிருந்து மீனவர்களுக்கென்று கடல் ஓசை சமுதாய வானொலி 90.4 இருக்கிறது. உன் நோட்டில் இருப்பதை வைத்து ஒரு நிகழ்ச்சிக்குக் கேட்டுப் பார். பாசி எடுக்கும் பெண்களுக்கு அவர்களுடைய எடைக் கணக்கை அவர்களுக்கே விளங்கும்படி சொல்லிக் கொடுத்தாலும் அது தலைமைதான். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி பாசி எடுக்கும் பெண்களை முன்நின்று நடத்தியதற்காக 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பின் பரிசு வாங்கியவர். அவர் வைத்திருந்தது எந்தக் கல்லூரிப் பதவியும் இல்லை.

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நல்ல பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு மூன்று பேர் உன்னைப் பற்றி எழுத வேண்டும், பல இடங்களில் அவர்களே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும், அலுவலக மெயிலிலிருந்து வந்தால்தான் நம்புவார்கள். அரசுக் கல்லூரியில் இதற்கு இரண்டு சிக்கல். உனக்கு நன்றாகத் தெரிந்தவர் கௌரவ விரிவுரையாளராக இருப்பார், அவருக்குக் கல்லூரி மெயில் இருக்காது. நிரந்தரப் பேராசிரியருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். அதனால் இப்போதே இரண்டு பேரைத் தேர்ந்துகொண்டு உன் நோட்டை மாதம் ஒரு முறை அவர்களிடம் காட்டு, மாறிப் போனாலும் தொடர்பை விடாதே. "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். எழுதிக் கொடுக்காதே. பணிவாக, "சார், நான் செய்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் குறித்துத் தருகிறேன், உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்" என்று சொல். நீ எழுதிய கட்டுரையும் அவர் எழுதியதாகச் சொல்லும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். ஆய்வகத்தில் இரண்டு மாதம் உன்னைப் பார்த்த விஞ்ஞானி ஒருவர் எழுதினால் அதற்கு எடை அதிகம். கோடையில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர். சிரிக்காதே, இதைத்தான் இந்த வாரமே செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, இப்படித்தான் நம் எல்லோருக்கும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் உன் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சாகும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, ஆதாரையும் அதற்கேற்ப மாற்றி, பாஸ்போர்ட்டுக்கு இப்போதே போடு. சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தில் வரும். பள்ளிச் சான்றிதழ்களில் உள்ள வித்தியாசத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு நோட்டரி அபிடவிட் வாங்கி வைத்துக்கொள். மார்க் ஷீட் ஒவ்வொரு செமஸ்டரும் வந்ததும் ஸ்கேன் செய். ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியல், பல்கலைக்கழகத்திலிருந்து வாங்க நாளாகும், கடைசி வாரத்தில் காரைக்குடிக்கு ஓடாதே.

இங்கிலீஷைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் பெரும்பாலான படிப்புகள் 6.5 கேட்கும். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு அது ஒரு வருட உழைப்பில் கைக்கு வரும் மதிப்பெண்தான். உன் இறங்குதள நோட்டைத் தினம் ஐந்து வரி இங்கிலீஷில் எழுது, அதுவே பயிற்சி. ஆனால் விண்ணப்பக் கட்டுரையை முதலில் தமிழில் எழுது. இங்கிலீஷில் நேராகத் தொடங்கினால் எங்கேயோ படித்த வாக்கியங்கள் வந்து உட்காரும், உன் விஷயம் வராது. தேர்வுக்கு 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும், பக்கத்து மையம் மதுரை. மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் சீக்கிரம் எழுதி வீணாக்காதே, ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் எழுது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதென்றால் அதைத் தொடாமல் வை, தேர்வுக் கட்டணத்தில் பெரும்பகுதியை அதிலேயே கட்டலாம்.

வேறு செலவு பெரிதாக இல்லை. செவனிங், டாட் இரண்டும் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. "ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் கன்சல்டன்சி எதற்கும் போகாதே. அவர்கள் தங்களுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகத்தில் கடனில் சேர்த்துவிடுவார்கள், வீடு அடமானத்துக்குப் போகும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. பட்டியலினத்தவர், நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உனக்குப் பொருந்தாவிட்டாலும் உன் வகுப்பில் யாருக்காவது பொருந்தும், சொல்லிவிடு.

வீட்டில் இப்போதே பேச்சை ஆரம்பித்துவிடு. கடிதம் வந்த பிறகு சொன்னால், "பொம்பளப் பிள்ளையைத் தனியா அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது" என்று ஒரே வாரத்தில் முடிவெடுக்கச் சொல்வது போலாகும், அவர்களுக்கும் அது கஷ்டம். ஒரு வருடம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் பழகிவிடும். பெரியப்பா, மாமா யாராவது வளைகுடாவில் இருந்திருப்பார்களே, அவர்களை முதலில் உன் பக்கம் இழு.

கடைசியாக ஒன்று, நீ அடைப்புக்குள் கேட்டது: முதல் செமஸ்டரில் வேதியியலில் ஓர் அரியர் விழுந்து பிறகு கிளியர் செய்தேன், அது போச்சா? போகவில்லை. ட்ரான்ஸ்கிரிப்டில் தெரிந்தால் தெரியட்டும். விண்ணப்பத்தில் விளக்கம் கேட்டால் மட்டும் இரண்டு வரியில் காரணத்தைச் சொல், கேட்காவிட்டால் நீயாகக் கிளப்பாதே. இனி வரும் செமஸ்டர்களில் மொத்தம் 70 சதவீதத்துக்கு மேல் கொண்டு வரப் பார். நோட்டில் மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்பு, எந்தப் படிப்புக்குப் பொருந்தும் என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.